முன் சில்லில் மூன்று சத்தம்: பழைய ஹைலக்ஸ் ஒன்றைக் கழற்றிப் பார்த்த கதை

முதலில் கேட்டது மாமாவுக்குத்தான். மாசி மாதம், வயலில் இருந்து நெல்மூட்டை ஏற்றிக்கொண்டு மட்டக்களப்பு மண்முனைப் பாலத்தில் ஏறும்போது வாய்க்குள் இருந்த வெற்றிலையை ஒரு கொடுப்புக்குள் ஒதுக்கிவிட்டு, "மனே, முன்னுக்கு என்னமோ அழுகுது கா" என்றார். எனக்கு எஞ்சின் சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. மாமா முப்பது வருடம் இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ் ஓட்டியவர். பல்லுத்தான் போய்விட்டது, காது போகவில்லை. இரண்டு கிழமைக்குள் எனக்கும் கேட்டது. பிறகு எனக்கு அதைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.

வண்டி 1994 ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ், எல்.என். 106 டபுள் கெப். 2.8 லீற்றர் டீசல். முன்னுக்கும் ஒரே முழு அச்சு, வில்லுத்தகடு. சில்லு நடுவில், சில்லை அச்சுக்குள் இருக்கிற ஷாப்டோடு சேர்க்கவும் பிரிக்கவும் கையால் திருகி லொக் போடுகிற ப்ரீவீல் ஹப். இருந்து போகச் சுகமான வண்டி இல்லை. ஆரையம்பதியில் இருந்து கொக்கட்டிச்சோலை போய்ச் சேர்வதற்குள் இடுப்பு கதை சொல்லும். ஆனால் வரம்பு ஏறி இறங்க, உரமும் விதைநெல்லும் இழுக்க, களப்பின் மேற்குக் கரையான படுவான்கரையில் இதை விட்டால் உழவு இயந்திரம்தான்.

கதை தொடங்குவது மாசியில் இல்லை, தையில். அடைமழையில் வயலுக்குப் போகிற சப்பாத்துப் பாலத்துக்கு மேலால் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. ஹப் முழுக்க மூழ்கிற அளவு. கடந்து போய்விட்டேன். போன பிறகு தண்ணீர் ஏறிவிட்டது, திரும்ப வழியில்லை. வண்டியை அந்தப் பக்கத்து உறவினர் வளவுக்குள் விட்டுவிட்டு நாங்கள் உழவு மெசினில் வந்து சேர்ந்தோம். ஒன்பது நாள் வண்டி அங்கேயே நின்றது. இந்த ஒன்பது நாளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

ஓடிவந்த சூட்டில் இருக்கிற ஹப் திடீரெனக் குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கினால் உள்ளே இருக்கிற காற்றுச் சுருங்கும். சுருங்கினால் வெளியில் இருப்பதை இழுக்கும். ஓயில் சீலின் உதடு கிறீசை உள்ளே வைத்திருக்கச் செய்தது. தண்ணீர் உறிஞ்சப்படுவதைத் தடுக்க அதனால் முழுதாக முடியாது, அதுவும் பழைய சீல் என்றால். இது எனக்குத் தெரியாத விசயம் இல்லை. தெரிந்தும் கழற்றிப் பார்க்காமல் விட்டேன். அறுவடை நேரம்.

சத்தம் எனக்கும் கேட்கத் தொடங்கியதும் செய்த முதல் வேலை பிழையான வேலை. டவுன் பக்கம் ஒரு கராஜுக்குக் கொண்டுபோய், "இடது முன் சில்லு பெயாரிங் சத்தம் போடுது, மாத்துங்க" என்றேன். அவர்களும் மாற்றித் தந்தார்கள். நோயையும் மருந்தையும் நானே சொல்லிக் கொடுத்தால் அவர்கள் என்ன செய்வார்கள்? கல்லடிப் பாலம் தாண்டி வரும்போதே தெரிந்துவிட்டது, சத்தம் அப்படியே இருக்கிறது. அதுமட்டும் இல்லை, அடுத்த கிழமை வயலுக்குள் லொக் போட்டுத் திருப்பும்போது புதிதாக ஒரு "டிக்" வந்து சேர்ந்தது.

ஆக, பங்குனி தொடக்கத்தில் என்னிடம் மூன்று சத்தம் இருந்தது. ஒன்று, காப்பெற் போட்ட வழுவழுப்பான தார் வீதியில் 45 கிலோமீற்றர் வேகத்தில் தொடங்கி 70 வரை ஏறுகிற "ம்ம்ம்ம்" என்ற முனகல். இரண்டு, நடக்கிற வேகத்தில் மட்டும் கேட்கிற "கீச்... கீச்", குருவிக்குஞ்சு மாதிரி. மூன்று, நாலு சில்லும் இழுக்கும்போது மட்டும் வருகிற அந்த "டிக்". இவை மூன்றையும் ஒரே நோய் என்று நினைத்ததுதான் என் தலையிடிக்குக் காரணம். முனகலுக்கு மருந்து தேடினால் கீச்சுக்குப் பொருந்தாது, கீச்சுக்குத் தேடினால் டிக்குக்குப் பொருந்தாது.

ஒரு ஞாயிறு விடிய ஐந்தரைக்கு மாமாவை ஏற்றிக்கொண்டு மண்முனைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் போனேன். அந்த நேரம் வீதியில் ஆள் நடமாட்டம் குறைவு, காற்றும் இல்லை. பின்னேரத்தில் இந்த வேலை வேண்டாம். காற்றுச் சத்தம் ஒருபுறம், உள்ளே வெல்லாவெளிப் பக்கம் என்றால் பொழுதுபடத் தொடங்க யானைக்கும் வழிவிட வேண்டும். 2014 இல் இந்தப் பாலம் திறக்க முதல் இதே இடத்தில் பாதை என்கிற மிதவைப் படகில் ஏற்றித்தான் வாகனத்தை அக்கரைக்குக் கொண்டுபோவோம் என்று மாமா பழங்கதை தொடங்கினார். "மாமா, கதைக்காம கேளுங்க" என்றேன். கோபிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

கையால் லொக் போடுகிற ஹப் உள்ளவர்களுக்குச் சல்லிக்காசு செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. வண்டியை மூன்று நிலையில் ஓட்டிப் பார்க்கலாம். ஹப் இரண்டும் ப்ரீ, கியர் இரு சில்லு ஓட்டத்தில் இருந்தால், முன்பக்கத்தில் சுற்றுவது சில்லு, ரயர், டிஸ்க், ஹப், பெயாரிங் மட்டும்தான். அச்சுக்குள் இருக்கிற ஷாப்ட் தூங்கும். அடுத்தது, ஹப்பை லொக் போட்டுக் கியரை மட்டும் இரு சில்லு ஓட்டத்திலேயே விடுவது. இப்போது சில்லு ஷாப்டைச் சுற்றும், ஷாப்ட், சில்லு திரும்பினாலும் சுற்ற விடுகிற சீவி ஜொயின்டை, டிபரன்ஷலை, முன் புறப்பெலர் ஷாப்டைச் சுற்றும். எல்லாம் சும்மா சுற்றும், பாரம் இல்லை. மூன்றாவது, நாலு சில்லு கியரும் போட்டு ஓட்டுவது. இப்போது அதே பாகங்கள் பாரத்தோடு சுற்றும். இந்த மூன்றாவதைத் தார் வீதியில் செய்யக்கூடாது. இந்த வண்டியில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் டிபரன்ஷல் இல்லை. வளைவில் முன் சில்லு பின் சில்லைவிடக் கூடுதல் தூரம் ஓட வேண்டும். தாரில் ரயர் வழுக்கி விட்டுக்கொடுக்காது, ஷாப்டுகள் முறுகும். அந்த முறுகலே "டக்" என்று ஒரு சத்தம் போடும், நீங்கள் அதை நோய் என்று நினைத்து இன்னொரு பாகத்தை மாற்றுவீர்கள். கிறவல் வீதி, மணல், காய்ந்த வயல், இவைதான் இடம்.

மூன்று நிலையிலும் ஓட்டினோம். முனகல் மூன்றிலும் இருந்தது. அப்படியென்றால் டிபரன்ஷல், புறப்பெலர், சீவி ஜொயின்ட் எல்லாம் சந்தேகப் பட்டியலில் இருந்து விழுந்துவிட்டன. மிஞ்சியது சில்லுப் பெயாரிங் அல்லது ரயர். கீச்சும் மூன்றிலும் இருந்தது, ஆனால் பிறேக்கில் விரல் நுனி அளவு காலை வைத்ததும் நின்றது. டிக் மூன்றாவது நிலையில் மட்டும். அரை மணித்தியாலத்தில் மூன்று சத்தமும் மூன்று வீட்டுக்குப் பிரிந்து போய்விட்டன.

எந்தப் பக்கம் என்பதில்தான் மாமா என் மானத்தை வாங்கினார். 60 இல் போகும்போது வீதியை வெறுமையாகக் கண்டு ஸ்டியரிங்கை மெல்ல இடம் வலம் அசைத்தேன். இடப்பக்கம் வளைக்கும்போது முனகல் ஏறியது, வலப்பக்கம் வளைக்கும்போது இறங்கியது. "பாத்தியா, இடது" என்றேன். மாமா கண்ணைத் திறந்தார். "மனே, பஸ் இடப்பக்கம் வளைஞ்சா ஆக்கள் எந்தப் பக்கம் சாய்வாங்க?" வலப்பக்கம். பாரம் வலது சில்லில் ஏறும், அழுகிறது வலது.

அப்படியென்றால் இத்தனை நாளாக எனக்கு ஏன் இடப்பக்கம் கேட்டது? மாமாவின் வெற்றிலைதான். நான் ஓட்டுகிற வலப்பக்கக் கண்ணாடியைப் புழுதிக்காக எப்போதும் ஏற்றி வைத்திருப்பேன். மாமா துப்புவதற்காக இடப்பக்கக் கண்ணாடி எப்போதும் திறந்தே கிடக்கும். முன்னால் எங்கே சத்தம் வந்தாலும் அது அந்தத் திறந்த வாசலால்தான் என் காதுக்கு வரும், அதுவும் பள்ளிக்கூட மதில் ஓரமாகப் போனால் எதிரொலித்து இரண்டு மடங்காக. இரண்டு கண்ணாடியையும் ஏற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தபோது பக்கமே பிடிபடவில்லை. இரும்பு அச்சில் சத்தம் இந்த நுனியில் இருந்து அந்த நுனிக்கு ஓடும். பக்கத்தைக் காதால் தீர்மானிக்கக் கூடாது, வளைத்துப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

கீச்சுக்கு இன்னொரு கணக்கும் போட்டேன். ரயரைச் சுற்றி நூல் பிடித்து அளந்ததில் சுற்றளவு 2.25 மீற்றர். மணிக்கு 10 கிலோமீற்றர் என்றால் 10 செக்கனுக்குச் சில்லு 12 தடவை சுற்றும். மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க நான் கீச்சை எண்ணினேன்: பன்னிரண்டு. சில்லு ஒரு சுற்றுக்கு ஒரு கீச். புறப்பெலர் ஷாப்டின் குறுக்கு ஜொயின்ட் வறண்டாலும் இதே மாதிரிக் குருவிச் சத்தம் வரும், ஆனால் அது சில்லைவிட ஏறத்தாழ நாலு மடங்கு வேகமாகச் சுற்றுகிறது. எண்ணி முடிக்க முடியாது. ஒரு சத்தத்தின் தாளம் தெரிந்தால் அது எதோடு சேர்ந்து சுற்றுகிறது என்று தெரிந்துவிடும்.

அடுத்த சனி வளவுக்குள் வேலை. பின் சில்லுக்கு அடை வைத்து, முன் அச்சை ஜக்கால் தூக்கி, அச்சுக்குக் கீழே பாலைமரக் குத்தி இரண்டு வைத்தேன். சீமெந்துக் கல்லு வைக்கிற ஆட்களைக் கண்டிருக்கிறேன். அது பாரத்தைத் தாங்கிக்கொண்டே நிற்கும், பிறகு ஒரு சொல்லும் சொல்லாமல் வெடிக்கும். தயவுசெய்து வேண்டாம்.

சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் இரண்டு பக்கமும் கொஞ்சம் ஆட்டம் இருந்தது. இந்த ஆட்டம் சில்லுப் பெயாரிங்கிலும் இருக்கலாம், ஸ்டியரிங்குக்குத் திரும்புகிற நக்கிளின் மேல்கீழ்ப் பெயாரிங்கிலும் இருக்கலாம். பிரித்தறிய மச்சானை உள்ளே ஏற்றிப் பிறேக்கை மிதிக்கச் சொன்னேன். பிறேக் பிடித்தால் டிஸ்க்கும் ஹப்பும், பிறேக் பேட்டை அழுத்துகிற கலிப்பர் வழியாக நக்கிளோடு ஒன்றாகிவிடும். அப்போதும் ஆடினால் குற்றம் நக்கிள் பெயாரிங்கில். ஆட்டம் நின்றால் சில்லுப் பெயாரிங்கில். வலப்பக்கம் நின்றது. இடப்பக்கம் பிறேக் மிதிக்க முதலும் பிறகும் ஒரே அளவு மெல்லிய ஆட்டம், அதாவது நக்கிளில். அது கிடக்கட்டும், சத்தம் போடவில்லை.

பிறகு ஹப்பை ப்ரீயில் வைத்து, ஒரு கையை நக்கிளில் வைத்துக்கொண்டு மறுகையால் சில்லைச் சுற்றினேன். வலப்பக்கம் உள்ளங்கைக்கு மணல் அரைபடுகிற மாதிரித் தெரிந்தது. நீளமான ஸ்குறூடிறைவரின் நுனியை நக்கிளில் வைத்துப் பிடியைக் காதில் வைத்துக் கேட்டால் அம்மியில் கொத்தமல்லி அரைக்கிற சத்தம். இடப்பக்கம் சத்தம் இல்லை. ஆனால் சுற்றவும் இல்லை. கையை எடுத்ததும் நின்றது.

இங்கே ஒரு குழப்பம் வந்தது. முதல்நாள் 15 கிலோமீற்றர் பிறேக் அதிகம் பிடிக்காமல் ஓட்டி வந்து ஹப் இரண்டையும் தொட்டுப் பார்த்திருந்தேன். சூடானது கெட்டது என்பதுதான் எல்லாரும் சொல்கிற விதி. வலது இளஞ்சூடு. இடது கையை வைக்க முடியாத சூடு. புதுப் பெயாரிங் போட்ட பக்கம்! விதியை மட்டும் நம்பினால் மறுபடியும் இடப்பக்கத்துக்கே பெயாரிங் வாங்கியிருப்பேன். இரண்டையும் கழற்றுவது என்று முடிவெடுத்தேன்.

முதலில் வலது. ப்ரீவீல் ஹப்பின் மூடியில் 10 மில்லிமீற்றர் போல்ட் ஆறு, உள்ளே ஷாப்ட் நுனியில் சேர்கிளிப், பிறகு ஹப் உடம்பைப் பிடிக்கிற ஆறு நட். நட்டைக் கழற்றினாலும் உடம்பு வராது. ஒவ்வொரு ஸ்டட்டிலும், அதாவது ஹப்பில் இருந்து நீட்டிக்கொண்டிருக்கிற தலையில்லாத போல்ட்டிலும், கூம்பு வடிவக் கோன் வாஷர் ஒன்று ஆப்பு மாதிரி இறுகி இருக்கும். நெம்புகோல் போட்டு உடம்பை உடைத்தவர்கள் உண்டு. பழைய தண்ணீர்ப் பம்பில் கிடந்த பித்தளைத் துண்டொன்றை ஸ்டட்டின் நுனியில் வைத்துச் சுத்தியலால் ஒரே அடி. கோன் வாஷர் தானாகத் துள்ளி வெளியே வந்தது. இரும்பால் அடித்தால் ஸ்டட்டின் புரி மடங்கிவிடும்.

உள்ளே 54 மில்லிமீற்றர் நட் இரண்டு, நடுவில் காது மடித்த லொக் வாஷர். இந்த அளவுப் பொக்ஸ் ஸ்பனர் வீட்டில் இருக்காது. கல்முனையில் ஒன்று வாங்கினேன். கலிப்பரைக் கழற்றிக் கம்பியால் வில்லுத்தகட்டில் கட்டித் தொங்கவிட்டேன், பிறேக் குழாயில் தொங்க விடவில்லை. ஹப்பை இழுத்ததும் மாமா எட்டிப் பார்த்துச் சொன்னார்: "பால்தேத்தண்ணி."

அதே நிறம். கிறீசும் தண்ணீரும் அடிபட்டு வெளுத்துப் போயிருந்தது. மண்ணெண்ணெயில் கழுவிப் பார்த்தால், உள்பெயாரிங்கின் வெளி ரேஸில், அதாவது உருளைகள் ஓடுகிற வளையத்தில், கீழ்ப்பக்கம் வரிவரியாகக் கறுப்புக் கோடுகள். கோட்டுக்குக் கோடு ஒரே இடைவெளி, உருளைக்கு உருளை இருக்கிற அதே இடைவெளி. ஓடித் தேய்ந்த அடையாளம் இப்படி இருக்காது. வண்டி நின்ற இடத்திலேயே, ஒவ்வொரு உருளையும் ரேஸைத் தொட்ட வரியில், தண்ணீர் கட்டி அரித்த துரு. அந்த ஒன்பது நாளின் கையெழுத்து. பிறகு ஓடத் தொடங்கியதும் உருளைகள் அந்த வரிகளின் மேலால் ஓடி ஓடி முனகியிருக்கின்றன.

இடது பக்கம் வேறு கதை. மூடியைக் கழற்றியதும் ஹப் உடம்பின் ஆறு நட்டில் மூன்று கையாலேயே திருகி வந்தது. ஆறு கோன் வாஷரில் இரண்டைக் காணவில்லை. நட் மட்டும் இருந்தது. உள்ளே 54 மில்லிமீற்றர் நட்டின் விளிம்பெல்லாம் உளி பட்ட காயம், லொக் வாஷரின் காது முறிந்து கிறீசுக்குள் கிடந்தது. பொக்ஸ் இல்லாமல் உளியை வைத்துத் தட்டித் தட்டி இறுக்கியிருக்கிறார்கள். அப்படித் தட்டினால் எவ்வளவு இறுகியது என்று தட்டியவருக்கே தெரியாது. உருளை பெயாரிங் மட்டும் புதிது, வெளி ரேஸ் பழையதே கிடந்தது. உருளையும் ரேஸும் சோடி. ஒன்றை மட்டும் மாற்றினால் புதியதைப் பழையது தின்னும். கிறீஸ் கறுத்துக் காய்ந்து, உருளைகளில் வைக்கோல் நிறம் ஏறியிருந்தது. இருநூறு கிலோமீற்றர்கூட ஓடாத பெயாரிங். எனக்கு வந்த கோபத்தை மாமா ஒரு கதையால் அணைத்தார்: "நீ போய் இடது எண்டு சொல்லாட்டி அவன் ஏன் இடதைத் தொட்டான்?"

காணாமல் போன கோன் வாஷர்களைக் கண்டதும் டிக்குக்கு விடை வந்துவிட்டது. முந்தின கிழமை வரைக்கும் அதைச் சீவி ஜொயின்ட் என்றே நம்பியிருந்தேன். முழுத் திருப்பத்தில், நாலு சில்லு இழுவையில் டிக் அடித்தால் எல்லாரும் சொல்கிற பெயர் அதுதான். கொழும்புப் பஞ்சிகாவத்தையில் பழைய ஜொயின்ட் ஒன்று எடுத்துத்தரச் சொல்லி ஒருவரிடம் பேசியும் வைத்திருந்தேன். நல்லவேளை, காசு அனுப்பவில்லை. தேய்ந்த சீவி ஜொயின்ட் திருப்பத்தில் சில்லின் ஓட்டத்தோடு சேர்ந்து "டிக்டிக்டிக்" என்று தொடர்ந்து அடிக்கும். உள்ளே ஆறு குண்டு இருக்கிறது, ஒவ்வொன்றும் தேய்ந்த பள்ளத்தில் ஏறி இறங்கும். என்னுடையது முன்னுக்கும் பின்னுக்கும் மாற்றும்போது ஒரு டிக், திருப்பத்தில் இழுவை கூடும்போது ஒன்று, பிறகு மௌனம். தாளம் இல்லை. கோன் வாஷர்தான் ஸ்டட்டுக்கும் ஹப் உடம்புக்கும் நடுவில் இடைவெளி இல்லாமல் ஆப்பாக நிற்பது. அது இல்லாவிட்டால் இழுவை மாறுகிற ஒவ்வொரு முறையும் உடம்பு மயிரளவு நகர்ந்து ஸ்டட்டில் இடிக்கும். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் ஸ்டட் வெட்டுப்பட்டு, சேற்றுக்குள் நிற்கும்போது முன் சில்லு இழுக்காமல் போயிருக்கும்.

சாமான் எல்லாம் கல்முனையில் கிடைத்தது. பெயாரிங் வாங்கும்போது பெட்டியை அல்ல, ரேஸின் முகத்தில் வெட்டியிருக்கிற இலக்கத்தைப் பழையதோடு ஒப்பிட்டு வாங்கினேன். எழுத்து ஆழமாக, ஒரே சீராக இருக்க வேண்டும். நகத்தால் சுரண்ட மை போகிறது என்றால் கடையை மாற்றுங்கள். இரண்டு பக்கத்துக்கும் உள், வெளி என நாலு சோடி, சீல் இரண்டு, லொக் வாஷர் இரண்டு, கோன் வாஷர், ஸ்டட்.

பழைய ரேஸைப் பித்தளைத் துண்டால் ஒரு பக்கம் ஒரு தட்டு, எதிர்ப்பக்கம் ஒரு தட்டு என்று மாறிமாறித் தட்டி வெளியேற்றினேன். புதியதை ஏற்றப் பழையதையே கருவியாக்கலாம்: அதன் வெளி விளிம்பைக் கொஞ்சம் அரைத்துச் சிறிதாக்கிவிட்டு, புதியதன் மேல் கவிழ்த்து வைத்துத் தட்டினால் நேராக இறங்கும். கடைசியில் தட்டுகிற சத்தம் "டொக்" என்பதில் இருந்து "டங்" என்று மாறும். அடிமட்டம் தட்டிவிட்டது என்று அர்த்தம். பெயாரிங்குக்குக் கிறீஸ் பூசினால் போதாது, ஊட்ட வேண்டும். உள்ளங்கையில் கிறீசை வைத்துப் பெயாரிங்கின் அகன்ற வாயால் வழித்து வழித்து, மேல்பக்கத்தால் புழுப் புழுவாக வெளியே வரும்வரை. மச்சான் ஒரு பெயாரிங் செய்துவிட்டு, "இடியப்பம் பிழியிற மாதிரிக் கிடக்கு" என்றான்.

இறுக்குகிற கட்டத்தில்தான் முழு வேலையும் நிற்கிறது அல்லது விழுகிறது. உள் நட்டை டோர்க் ஸ்பனரால் 60 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கி, ஹப்பை இரண்டு பக்கமும் பல தடவை சுற்றி உருளைகளை அமர வைத்தேன். பிறகு நட்டைக் கையால் திரும்புகிற அளவு தளர்த்தி, மறுபடி மெல்ல மெல்ல இறுக்கினேன். எவ்வளவு என்று எப்படித் தெரியும்? சில்லு ஸ்டட் ஒன்றில் சுருள் தராசைக் கொளுவி, ஹப் அசையத் தொடங்குகிற கணத்தில் தராசு எவ்வளவு காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். தராசுக்கு எங்கே போவது? பக்கத்து வளவு அண்ணர் களப்பு மீன் விற்கிறவர். அவருடைய மீன் தராசை இரவல் வாங்கினேன். 4 கிலோவில் நிறுத்தினேன். கலிப்பர் போட முதல் அளக்க வேண்டும். பேட் உரசினால் தராசு பொய் சொல்லும். பிறகு லொக் வாஷர், வெளி நட், மறுபடி தராசு, ஏனென்றால் வெளி நட் இறுகும்போது உள் நட்டையும் கொஞ்சம் தள்ளும். எனக்கு முதல் தடவை 6 கிலோவுக்கு ஏறிவிட்டது, மூன்று தடவை கழற்றிப் பூட்டினேன். கடைசியில் லொக் வாஷரின் காதை ஒன்று உள்ளுக்கும் ஒன்று வெளியிலும் மடித்தேன்.

கீச் வலப்பக்கத்துப் பிறேக் பேட். பேட்டைப் பிடிக்கிற கம்பிகள் துருப்பிடித்து, ஒரு பேட் முழுதாகப் பின்வாங்காமல் டிஸ்க்கின் விளிம்பில் கட்டியிருந்த துரு வரம்பை ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை தொட்டுக்கொண்டிருந்தது. கம்பித் தூரிகை, அரைமணித்தியாலம், முடிந்தது.

மறுநாள் விடிய அதே வீதி. கீச் இல்லை. காய்ந்த வயலுக்குள் லொக் போட்டு எட்டு வடிவில் இருபது தடவை சுற்றினேன், முன்னுக்கும் பின்னுக்கும் மாற்றினேன், டிக் இல்லை. காப்பெற் வீதியில் 60. முனகல்... கொஞ்சம் இருந்தது.

எனக்கு நெஞ்சு இறங்கிவிட்டது. மாமா கண்ணை மூடிக்கொண்டு, இடம் வலம் வளைக்கச் சொன்னார். வளைத்தாலும் கூடவில்லை, குறையவில்லை. கிறவலில் இறங்கியதும் காணாமலே போய்விட்டது, காப்பெற்றில் ஏறியதும் திரும்ப வந்தது. வீதி மாற மாறுவது ரயர். வீட்டுக்கு வந்து ரயரின் முகத்தில் உள்ளங்கையை முன்பின்னாகத் தடவினேன்: ஒரு திசையில் வழுவழுப்பு, மறு திசையில் வாள்பல். பெயாரிங் ஆட்டத்தோடு இரண்டு மாதம் ஓடியதில் ரயர் முகத்துக் கட்டைகள் சரிவாகத் தேய்ந்துவிட்டன. முன் ரயர் இரண்டையும் பின்னுக்குப் போட்டேன், முனகலும் பின்னுக்குப் போய்விட்டது. இனி ரயர் தேயும்வரை அது எங்களோடு இருக்கும்.

300 கிலோமீற்றர் ஓடிய பிறகு மறுபடி தூக்கிப் பார்த்தேன். ஹப் இரண்டும் ஒரே அளவு இளஞ்சூடு. கோன் வாஷர் நட்டுகளில் இரண்டு மட்டும் கொஞ்சம் இடம்கொடுத்திருந்தது, இறுக்கினேன். ஆனால் வலது நக்கிளின் பின்பக்கம் கறுப்பாக ஒரு கசிவு கண்டேன்: டிபரன்ஷல் ஓயிலும் நக்கிள் கிறீசும் கலந்த தண்ணிக் குழம்பு. அச்சுக்குள் இருக்கிற சீல் போய்விட்டது. அதையும் இடப்பக்கத்து நக்கிள் பெயாரிங்கையும் மாரி தொடங்க முதல் சேர்த்துச் செய்ய வேண்டும். சீல் செட் சொல்லி வைத்திருக்கிறேன்.

மீன் தராசை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துத்தான் திருப்பிக் கொடுத்தேன். அண்ணர் கொக்கியை மணந்து பார்த்துவிட்டு, தேசிக்காய்ப் பாதியால் இன்னொரு தடவை தேய்த்தார். மாமா இப்போது கதவுக்குள் ஏதோ கிலுகிலுக்கிறது என்கிறார், இடப்பக்கக் கதவு.